கல்லீரல் நோயில் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழாயில் பெயர் எழுத மறப்பது, கையுறை மாற்றாமல் வேலை செய்வது, ஆர்.என்.ஏ. மாதிரியை மேசையில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது ஆகியவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. நாலு திட்டு வாங்கினால் அவை தாமாகத் திருந்திவிடும். புதிதாக ஆய்வுக்கு வருகிறவர்கள், எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில் சொல்லிவைத்தாற்போல் விழுகிறார்களே, அவை வேறு.

மிர்-122 ஏறுகிறதா, இறங்குகிறதா?

புரதமாக மாறாமல், மரபணுக்களின் வேலையை அடக்கி ஆளும் குட்டி ஆர்.என்.ஏ. துணுக்குகளே மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள்; சுருக்கமாக 'மிர்', பக்கத்தில் ஓர் எண். கல்லீரலின் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் ஏறத்தாழ 70 சதவீதம் மிர்-122 ஒன்றுதான். ஆகவே எல்லோரும் முதலில் அதைத்தான் அளக்கிறார்கள். கல்லீரல் புற்றுத் திசுவில் பலருக்கு அது குறைந்திருக்கும். பாராசிட்டமால் அளவுமீறிக் கல்லீரல் செல்கள் சாகும்போதோ, ரத்தத்தில் மளமளவென்று ஏறும். உடனே "இரண்டு கட்டுரைகளும் முரண்படுகின்றன மேடம்" என்று வந்து நிற்பார்கள். முரண் ஒன்றும் இல்லை. செல்லுக்குள் எவ்வளவு உண்டாகிறது என்பது ஒரு கேள்வி; செல் உடைந்து எவ்வளவு வெளியே கொட்டியது என்பது வேறு கேள்வி.

சிவப்பணு உடைந்த சீரம்

சீரம் என்பது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிநீர். எனக்கு இன்னமும் எரிச்சல் தீராதது இதில்தான்.

நோயாளியின் ரத்தம் வார்டில் எடுக்கப்படுகிறது. நரம்பு சரியாகக் கிடைப்பதில்லை. மெல்லிய ஊசியால் இழுத்த ரத்தத்தை அதே ஊசி வழியாகக் குழாயில் வேகமாகப் பீய்ச்சுகிறார்கள். குழாய் மாலை வரை அங்கேயே கிடக்கிறது. ஒப்பிடுவதற்கான ஆரோக்கியமானவர்கள் யார்? ஆய்வகத்துத் தோழர்கள்தான். அவர்களுடைய ரத்தம் பக்கத்து அறையில் பதமாக எடுக்கப்பட்டுச் சூட்டோடு சூடாக, சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜுக்குப் போய்விடுகிறது. இதற்குப் பிறகு இரு குழுக்களுக்கும் இடையே என்ன வேறுபாடு தெரிந்தாலும், அது நோயின் வேலையா ஊசியின் வேலையா என்று யார் சொல்வது?

சிவப்பணுக்களுக்குள் மிர்-451, மிர்-16 இரண்டும் நிரம்பிக் கிடக்கின்றன. அந்த மிர்-16ஐயே மாறாத அளவுகோலாக வைத்து மற்றவற்றைக் கணக்கிடும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. சிவப்பணு உடைந்தால், மாதிரியைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆரில் மிர்-16 இரண்டு சுற்று முன்னதாகவே தென்பட்டுவிடும். சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பு என்பதால், இம்மியும் மாறாத மிர்-122 நம் கணக்கில் கால் பங்காகச் சுருங்கிவிடும்.

அப்படித்தான் ஒரு மாணவர் வரைபடத்தோடு வந்தார். கல்லீரல் சுருக்க நோயில் மிர்-122 சரிகிறது என்றார். புள்ளியியல் கணக்கு பிசிறில்லாமல் இருந்தது. குழாய்களைக் காட்டச் சொன்னேன். ஆழ்ந்த மஞ்சளில், அடியில் ஒரு செம்மை ஓடியது. "காமாலைச் சீரம் மேடம், நிறம் அப்படித்தான் இருக்கும்" என்றார். பொறியே அதுதான். காமாலையில் ஏறும் பிலிருபின் நிறமியின் மஞ்சள், உடைந்த சிவப்பணுவிலிருந்து வரும் ஹீமோகுளோபினின் இளஞ்சிவப்பைக் கண்ணுக்கு மறைத்துவிடும். 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து சிவப்பணு உடைந்ததா என்று பார்க்கும் வழியும் இங்கே நம்பத்தக்கதல்ல. பிலிருபினும் அந்த இடத்தில் ஒளியை உறிஞ்சுகிறது. காமாலை நோயாளிகளிடம் மிர்-451ஐயும், சிவப்பணு உடைந்தாலும் அதிகம் அசையாத மிர்-23ஏவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே மேல். இரண்டுக்கும் இடைவெளி 7 சுற்றுக்கு மேல் போனால் அந்தக் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். அளந்தோம். நோயாளிகளின் குழாய்களில் பெரும்பாலானவை 7ஐத் தாண்டின, தோழர்களுடையவை தாண்டவில்லை. மீண்டும் ரத்தம் கேட்கலாம் என்றால், அதற்குள் பலர் சிகிச்சை முடித்து ஊர் போய்விட்டார்கள். சிலர் உயிரோடு இல்லை.

உறையவிடாமல் பிரித்த பிளாஸ்மா என்றால் இன்னொரு தொல்லை. மண்ணீரல் வீங்கிய சுருக்க நோயாளிகளுக்குத் தட்டணுக்கள் குறைவு. தட்டணுவிலோ மிர்-223 ஏராளம். ஒரே முறை சுழற்றி விட்டுவிட்டால் ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவில்தான் தட்டணு அதிகம் தங்கும். நோயில் மிர்-223 குறைகிறது என்று நீங்கள் ஒரு கட்டுரை எழுதிவிடுவீர்கள். வேகத்தைக் கூட்டி இரண்டாம் முறையும் சுழற்றுங்கள். ஊசி, குழாய், காத்திருக்கும் நேரம் மூன்றும் இரு குழுவுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

சீரத்தில் யு6

இந்தச் சிறு ஆர்.என்.ஏ.வைச் சீரத்தில் அளவுகோலாக வைக்க வேண்டாம். அது செல்லின் உட்கருவைச் சேர்ந்தது.

ஹெப்பாரின் குழாய்

ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஹெப்பாரின் பி.சி.ஆரை முடக்கிவிடும். அதற்குப் பதில் இ.டி.டி.ஏ. குழாயை எடுங்கள்.

புழுவின் மிர்-39

மனிதரிடம் இல்லாத இந்தப் புழு ஆர்.என்.ஏ., மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கையில் எவ்வளவு வீணாகிறது என்று அறியச் சேர்ப்பது. நேராகச் சீரத்தில் ஊற்றினால் அங்குள்ள நொதிகள் நொடியில் தின்றுவிடும். முதலில் அந்த நொதிகளைச் சிதைக்கும் கரைசல், பிறகு இது.

நீண்ட ஆர்.என்.ஏ.க்கள்

புரதமாகாத நீண்ட ஆர்.என்.ஏ.க்களில் ஒன்றான மாலாட்-1க்கு, இடையில் வெட்டி எறிய இன்ட்ரான் என்னும் இடைத்துண்டு இல்லை என்றே சொல்லலாம். அதனால் மாதிரியில் ஒட்டிக்கொண்ட டி.என்.ஏ.வும் அதே நீளத்தில் பெருகி உங்களை ஏமாற்றும். டி.என்.ஏ. நீக்கம், ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் தலைகீழ்ப் படியெடுப்பு நொதி சேர்க்காத ஒப்பீட்டுக் குழாய் இரண்டும் இல்லாத முடிவை நான் பார்ப்பதே இல்லை.

"சிகிச்சை இலக்காகும்" என்ற கடைசி வரி

எல்லா ஆய்வேட்டிலும் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் சி வைரஸ் பெருக மிர்-122 தேவை என்று 2005இல் தெரிந்தது. மிர்-122ஐத் தடுக்கும் மிராவிர்சன் மருந்து நோயாளிகளிடம் வைரஸைக் குறைத்ததாக 2013இல் முடிவு வெளிவந்தது. அதே ஆண்டு முடிவதற்குள், வைரஸையே நேராகத் தாக்கும் சோஃபோஸ்புவிர் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மிராவிர்சன் சந்தைக்கு வரவே இல்லை. மிர்-122 நீக்கப்பட்ட எலிகளுக்குக் கொழுப்புக் கல்லீரலும் பின்னர் புற்றும் வந்தன. மிர்-34ஏவைப் போலவே செயற்கையாகச் செய்த எம்.ஆர்.எக்ஸ்.34 மருந்து கல்லீரல் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. 2019இல் அனுமதி பெற்ற கிவோசிரான் மருந்தைச் சாட்சிக்கு இழுப்பவர்களும் உண்டு. அது ஒரே ஒரு மரபணுவைக் குறிவைத்துச் செயற்கையாகச் செய்த குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.; மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்தல்ல. அந்த வரி என் மேசைக்கு வந்தால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன்.