தேன் விற்ற காசையும் வரிக் கணக்கில் காட்டுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளுக்குப் பின்னால் இப்போது கெலுலுட் (கொட்டாத சின்னத் தேனீ) பெட்டி வைக்காதவர்கள் குறைவு. வேலைக்கும் போய்க்கொண்டு, மாதம் பத்துப் பதினைந்து புட்டி விற்கிறோம், இதற்கெல்லாமா வரிக் கணக்கு என்று நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடாதீர்கள்.

சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் பிசிபி வரி உங்கள் சம்பளத்துக்கு மட்டும்தான், தேன் காசு அதில் சேராது. தொடர்ந்து விற்றால் அது வியாபார வருமானம், அதனால் சம்பளக்காரர்கள் நிரப்பும் வழக்கமான பிஇ பாரத்தை விட்டுவிட்டு பி பாரம் நிரப்ப வேண்டும். சம்பளத்தையும் அதிலேயே காட்டலாம், கடைசி நாளும் ஏப்ரல் 30 இல்லை, ஜூன் 30.

வரி மொத்த விற்பனைக்கு இல்லை, லாபத்துக்குத்தான். புட்டி, லேபல், தேனைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆன பெட்ரோல் எல்லாம் கழியும், ஆனால் ரசீது வேண்டும், அதுவும் 7 வருஷம் பத்திரமாக. வெயிலில் ரசீது எழுத்து மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அப்புறம், எஸ்எஸ்எம் (மலேசியக் கம்பெனிகள் ஆணையம்) பதிவு: வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் செய்ய வேண்டும், சொந்தப் பெயரில் என்றால் வருஷத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்) தான்.