நாள்பட்ட வலியும் மனமும்: ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கலாம்

மூன்று மாதங்களைத் தாண்டியும் விடாத வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். குறுவை, சம்பா, தாளடி என்று குனிந்தே நாற்று நடும் டெல்டாப் பெண்களுக்கு இடுப்பு வலி புதிதன்று, ஆனால் அதற்கு மனநலச் சிகிச்சை என்றதும், "அப்படியானால் என் வலி பொய்யா?" என்ற கோபம் நியாயமாகவே எழும். வலி மெய்தான். தண்டுவடத்தின் வழியாக மூளைக்கு ஏறும் வலிச் செய்தியை மனநிலையும் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பதை 1965-இல் மெல்சாக், வால் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த வாயில் கோட்பாடு விளக்கியது. அதனால்தான், வலியைக் கூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் கண்டு மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு உதவுகிறது; அதை ஒரு நோட்டில் இப்படித் தொடங்கலாம்.

முதல் படி: மருத்துவரிடம் காட்டுங்கள். காலில் மரமரப்போ, சிறுநீர் கட்டுப்பாடு இழப்போ இருந்தால் அன்றே செல்லுங்கள்.

இரண்டாம் படி: நாற்பது பக்க நோட்டு ஒன்றில், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், வலி பத்துக்கு எத்தனை, அப்போது மனத்தில் ஓடிய எண்ணம் என்ன, அதனால் வந்த உணர்ச்சி என்ன என்ற நான்கையும் ஒரு வாரம் எழுதுங்கள். எழுத வராதவருக்குப் பிள்ளைகள் எழுதித் தரலாம்.

மூன்றாம் படிதான் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் உயிர். "இனி வயலில் இறங்கவே முடியாது" என்ற எண்ணம் பயத்தைத் தர, பயத்தில் படுத்தே கிடக்க, தசை இறுகி வலி கூடுகிறது. அந்த எண்ணத்துக்கு எதிரே, சென்ற வாரம் உண்மையில் செய்த வேலைகளை எழுதி, "நாள் முழுவதும் முடியாது, அரை மணி நேரம் முடிகிறது" என்று திருத்துங்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத வேண்டாம். அதை மனம் நம்பாது.

நான்காம் படி: அரை மணியில் வலி ஏறுகிறதென்றால் இருபது நிமிடத்திலேயே நிமிர்ந்து ஓய்வெடுங்கள், ஓய்வைக் கடிகாரம் தீர்மானிக்கட்டும், வலி தீர்மானிக்கக் கூடாது. வரிசையாக நடும்போது ஒருவர் மட்டும் நிமிர்வது எளிதன்று என்பதால், உடன் நடுபவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

எரிச்சல் மிகும் நேரத்தில், மூச்சை மெதுவாக நீட்டி விடுவதை ஐந்து நிமிடம் செய்யுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மையும் சோர்வும் நீடித்தாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ காத்திருக்காமல், அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசுங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லும்போது அந்த நோட்டையும் கொண்டு செல்லுங்கள்; மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.