பென் டிரைவில் வரும் செட்டப்பை ஏற்றுவதற்கு முன்

திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸோ, ஈரோட்டு மஞ்சள் மண்டியோ, பல இடங்களில் மென்பொருள் சர்வீஸ்காரரின் பென் டிரைவில்தான் வந்து சேர்கிறது. எம்பிராய்டரி டிசைன், கணக்கு, பிடிஎஃப் எடிட்டர் எல்லாம் அதில் இருக்கும். உருவாக்கிய நிறுவனம் ஒன்று. அதைப் பிரித்து மறுபடி கட்டிக் கொடுத்தவர் இன்னொருவர். அட்மின் அனுமதிக்கு ‘யெஸ்’ அழுத்தியதும், அந்த இன்னொருவர் உள்ளே வைத்தது எதுவானாலும் சேர்ந்தே ஓடும்.

“ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிப்போட்டு ஏத்துங்ணா, ஒண்ணும் ஆகாது” என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். கிராக் ஃபைலை (லைசென்ஸ் இல்லாமல் ஓட வைப்பதை) ஆன்டிவைரஸ் தவறாகப் பிடிப்பதும் உண்டுதான். ஆனால் ஆஃப் செய்துவிட்டால், பிடித்தது சரியா தவறா என்று சொல்ல ஆளில்லை.

முதலில் கையொப்பம், அதாவது உருவாக்கியவர் ஃபைலில் போடும் டிஜிட்டல் முத்திரை. செட்டப் ஃபைலில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ பகுதியில் பெயரைத் தேர்ந்து ‘டீடெயில்ஸ்’ அழுத்துங்கள். கையொப்பம் சரி என்று வர வேண்டும். பெயரும் உருவாக்கிய நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். செல்லாது என்று வந்தால் யாரோ உள்ளே கைவைத்திருக்கலாம், அல்லது ஃபைல் பழுதாகியிருக்கலாம்; இரண்டானாலும் ஏற்ற வேண்டாம். கையொப்பம் சரியாக இருந்து பெயர் மட்டும் முன்பின் தெரியாததென்றால், கட்டியது வேறு கையாக இருக்கலாம்.

நல்ல இலவச மென்பொருள் சிலவற்றில் இந்தப் பகுதியே இருக்காது. அப்போது ஹாஷ் பாருங்கள்; ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண் அது. 7-ஜிப் இருந்தால் அதன் ரைட் கிளிக் மெனுவிலேயே எஸ்எச்ஏ-256 என்ற வகை ஹாஷ் கிடைக்கும். வரும் 64 எழுத்துகளையும் தயாரிப்பாளர் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள், முதல் நாலை மட்டும் அல்ல. பென் டிரைவிலேயே ரீட்மீயில் எழுதியிருக்கும் ஹாஷால் பயனில்லை. ஃபைலை மாற்றியவருக்கு அதை மாற்றுவது பெரிய வேலையா? தளமே பறிபோவதும் உண்டு. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்கச் சுட்டியை, ரகசியமாக உள்ளே நுழையும் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு (இன்ஸ்டால் டிஸ்க் ஃபைலுக்கு)த் திருப்பிவிட்டார்கள். தயாரிப்பாளர் தன் ரகசியச் சாவியால் போடும் ஜிபிஜி கையொப்பம் கொடுத்திருந்தால் ஹாஷோடு நிற்காமல் அதையும் சரிபாருங்கள்.

உபுண்டு லினக்ஸில் பிபிஏ (வெளியாள் நடத்தும் மென்பொருள் களஞ்சியம்) சேர்ப்பது ஒருமுறை ஏற்றுவதோடு முடியாது. அதை நடத்துபவர் பின்னால் வரும் ஒவ்வொரு அப்டேட்டிலும் ரூட் (முழு அட்மின்) அனுமதியோடு எதையும் அனுப்பலாம். தேவை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலியின் செட்டப் ஃபைல்), போனில் ஏற்கெனவே உள்ள செயலியின் மேல் ஏறாமல் ‘ஆப் நாட் இன்ஸ்டால்டு’ என்று நிற்கலாம். இடப்பற்றாக்குறையாலும் இப்படி வரும். இடம் போதுமான அளவு இருந்தும் நின்றால், செயலியில் கையொப்பம் போட்ட சாவி மாறியிருக்கிறதோ, அதாவது கட்டியவர் வேறு ஆளோ என்று சந்தேகப்படுங்கள். “பழசை அழிச்சுப்போட்டு ஏத்துங்க” என்ற யோசனை அந்தக் காவலைத்தான் கழற்றுகிறது. எஸ்எம்எஸ் படிக்கவும் ‘ஆக்சசிபிலிட்டி’ (திரையைப் படித்து இயக்கும்) அனுமதியும் கேட்டால் ஓடிபி போகும் வழி அதுதான்.

ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டதா? நெட்டைத் துண்டித்து, டிஎஸ்சி டோக்கனை (டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி) கழற்றுங்கள். அன்இன்ஸ்டால் போதாது, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் குக்கீகளும் போயிருக்கலாம். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி, ஜிஎஸ்டி என்ற வரிசையில் கடவுச்சொல்லை மாற்றி, எல்லா லாகின்களையும் வெளியேற்றுங்கள். பிறகு ஃபார்மட் செய்து, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் எடுத்து ஏற்றுங்கள். பழைய டிஸ்க்கிலிருந்து டேட்டா மட்டும் திரும்ப வரலாம், எந்த செட்டப்பும் வரக்கூடாது. பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன், ஃபார்மட் அதற்கப்புறம்.