கீரைக்கு லஞ்சம் ஐஸ்கிரீம்

"இந்தக் கீரையை மட்டும் முடிச்சிடு கண்ணு, ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்." பிள்ளையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலு வாய் விழுங்கிவிடும். அம்மாவுக்கு அன்றைய பாடு தீர்ந்தது. பிள்ளை கற்றுக்கொண்டதோ வேறு: லஞ்சம் இல்லாமல் உள்ளே போகாத பண்டம் கீரை, பாடுபட்டுச் சம்பாதிக்க வேண்டியது ஐஸ்கிரீம்.

1984-இல் அமெரிக்க உளவியலாளர் லீன் பிர்ச்சும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சிறு பிள்ளைகளுக்குக் கெஃபிர் என்ற புளித்த பால் பானத்தைக் கொடுத்தார்கள். குடித்ததற்குப் பரிசோ பாராட்டோ பெற்றவர்களுக்கு அதன் மேல் இருந்த விருப்பம் குறைந்துபோனது. எதுவும் பேசாமல் கொடுக்கப்பட்டவர்களுக்குக் குறையவில்லை. "சமத்து, குடிச்சிட்டியே!" என்ற வார்த்தைகூட அங்கே கூலியாகத்தான் வேலை செய்தது.

"தட்டைக் காலி பண்ணாம எழுந்திருக்கக் கூடாது" என்ற மிரட்டலுக்கும் இதே கதிதான். சோற்றை வீணாக்கக் கூடாது என்பது நல்ல வழக்கம், மறுக்கவில்லை. ஆனால் தட்டில் மலைபோலப் போட்டது நாம். காலி செய்யாத குற்றம் மட்டும் பிள்ளைக்கா? வயிறு நிறைந்தும் சாப்பிடப் பழகினால், போதும் என்று வயிறு சொல்வது காதில் விழாமல் போகும். கொஞ்சமாகப் பரிமாறுங்கள், கேட்டால் மறுபடி வையுங்கள். என்ன சமையல், எப்போது சாப்பாடு என்பது நம் பொறுப்பு. எவ்வளவு என்பதை அவர்கள் வயிறு பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது அவசரம். ஒரு புதுக் காய் பிள்ளையின் நாக்குக்குப் பழகப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். நாமோ இரண்டாம் நாளே, வந்திருக்கும் சித்தி முன்னால் "இவனுக்கு வெண்டைக்காய்னாலே ஆகாது" என்று அறிவித்துவிடுகிறோம். அதன்பின் அந்தப் பேரைக் காப்பாற்றுவது அவனுக்கு மானப் பிரச்சினை. அப்பா தன் தட்டில் பீன்ஸைப் பொறுக்கி ஓரம் கட்டுவதையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

சாப்பிடாத காய்க்குப் பதிலாகப் பாலில் கலக்கும் பவுடரை நம்புவது இன்னொரு தவறு. 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடும்படி இணைய விற்பனைத் தளங்களிடம் சொன்னது. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை. டப்பாவின் முன்பக்கத்தில் ஓடும் பையனை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்பி, சேர்த்த சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்கள். நாலு கிராம் என்றால் ஒரு டீஸ்பூன். அதற்கு மேல் வீட்டில் போடும் சர்க்கரை தனிக்கணக்கு.

சாப்பாட்டைக் கூலியாக்கிய அதே கை விளையாட்டைத் தண்டனையாக்குகிறது. "மார்க் குறைஞ்சா கிரவுண்டு கட்." 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் ஓடியாடும் உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார் (திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை), மாலையை டியூஷன் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் இருப்பதையும் நாம் பிடுங்கினால் பிள்ளை எங்கே ஓடும்? "குண்டா இருக்கே, நாலு ரவுண்டு ஓடு" என்பது அதைவிட மோசம். ஓட்டம் என்றாலே அவமானம் என்று மனத்தில் பதிந்துவிடும்.

அறுபது நிமிடத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. மொட்டை மாடியில் ஸ்கிப்பிங், தெருவில் நொண்டி, டியூஷனுக்கு விரைந்த நடை என்று துண்டு துண்டாகச் சேரட்டும். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு வண்டியை எடுக்காமல் அவனையும் நடத்திக் கூட்டிப் போங்கள். ஒரு காயை அவனே தேர்ந்தெடுக்கட்டும். வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பிஞ்சா முற்றலா பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். கடைக்காரர் முறைத்தால் சிரித்துச் சமாளித்துக்கொள்ளலாம்.