கடலோர ஈரநிலம் அழிந்ததா, வளர்ந்ததா? வரைபடம் ஏமாற்றும் இடங்கள்

முத்துப்பேட்டையின் ஜனவரி மாதச் செயற்கைக்கோள் படத்தையும் மே மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இடம் என்று நம்புவது கடினம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு எடுத்த படத்தில் காயலும் அதைச் சுற்றிய சேற்றுவெளியும் ஒரே நீர்ப்பரப்பாகத் தெரியும். மே மாதப் படத்தில் அதே சேற்றுவெளி காய்ந்து, உப்புப் பூத்து, வெள்ளை வெளேர் என்று கிடக்கும். இப்போது ஜனவரிப் படம் 1990-லும் மே மாதப் படம் 2020-லும் எடுத்தவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் மென்பொருளில் போட்டுக் கழித்தால் பெரிய அளவில் ஈரநிலம் அழிந்துவிட்டதாக விடை வரும். மாறியது மாதம் மட்டும்தான்.

கடலோர ஈரநிலங்களின் இழப்பையும் பெருக்கத்தையும் வரைபடமாக்குகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நிலம் மாறுவதைவிட நீர் வேகமாக மாறுகிறது. அதைப் பிரித்தறியாமல் போடும் எந்தக் கணக்கும் நிற்காது.

ஒரே மாதத்துப் படங்களை எடுத்தால் சரியாகிவிடுமா? பாதிதான் சரியாகும். 2015 டிசம்பரில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் கிடந்தன. 2016-ல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. இந்த இரண்டு டிசம்பர்களையும் ஒப்பிட்டு யாராவது "ஓராண்டில் சதுப்புநிலம் சுருங்கியது" என்று எழுதினால் அது மழைக்கணக்கு, நிலக்கணக்கு அல்ல.

ஓதமும், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதும், உண்டு. தமிழ்நாட்டுக் கரையில் ஏற்றவற்றத்தின் உயர வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் இதைக் கண்டுகொள்ளத் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நிலம் அவ்வளவு தட்டையாக இருக்கும் இடத்தில், நீர் ஒரு சாண் ஏறினாலே பெரும்பரப்பு மூழ்கிவிடும். அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட் எப்போதும் காலை பத்து மணியை ஒட்டித்தான் கடந்து போகும். அந்த நேரத்தில் ஓதம் எந்த நிலையில் இருந்ததோ அதுதான் படத்தில் பதியும். நம் கரையில் ஓதத்தையும் மிஞ்சும் விஷயம் முகத்துவாரம். மணல் அடைத்து வாய் மூடிக்கொண்டால் உள்ளே இருக்கும் நீர்மட்டம் கடலோடு சேர்ந்து ஏறி இறங்காது. எந்த மாதம் வாய் அடைபடும், எப்போது திறக்கும் என்பது அங்கே வலை போடுகிறவர்களுக்கு அத்துப்படி. படம் தேர்ந்தெடுக்கும் முன் அவர்களிடம் கேட்பது நல்லது. ஓத அட்டவணையில் இந்த விவரம் கிடைக்காது.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரு தேதியின் படத்தை நம்பாமல், ஓராண்டில் மேகமில்லாமல் கிடைத்த எல்லாப் படங்களையும் எடுத்து, ஒவ்வொரு பிக்சலும் (படத்தின் மிகச் சிறிய சதுரம்) எத்தனை முறை ஈரமாக இருந்தது என்று கணக்கிடுங்கள். எப்போதும் நீர், அவ்வப்போது நீர், எப்போதும் வறண்டது என்று மூன்றாகப் பிரித்தாலே பொய்யான மாற்றங்களில் பெரும்பகுதி காணாமல் போகும். லேண்ட்சாட் தொகுப்பு 2008 முதல் இலவசம் என்பதால் காசும் தடையில்லை. நல்ல மழை ஆண்டு, வறட்சி ஆண்டு இரண்டும் கலந்து வருமாறு மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் உறுதி.

அடுத்த சிக்கல் பெயரிடுவதில். படத்தில் கறுநீலமாகத் தெரிவதெல்லாம் நீர் என்று கணினி சொல்லும். 1990-களில் கிழக்குக் கரையெங்கும் இறால் பண்ணைகள் முளைத்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே தலையிட்டுத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது. ஒரு சேற்றுவெளியை வெட்டி இறால் குட்டையாக்கினால், எளிய நீர் வரைபடம் அதை "நீர்நிலை பெருகியது" என்று லாபக் கணக்கில் எழுதிவிடும்! வேதாரண்யம் பக்கத்து உப்பளப் பாத்திகளுக்கும் இதே கதிதான். நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்த்தால் உண்மை தெரியும். இயற்கை ஓடை வளைந்து நெளிந்து போகும். குட்டைகளுக்கு நேர்கோட்டுக் கரை, செங்கோண மூலை, நடுவே வாய்க்கால். இந்த வேலையைக் கணினியிடம் மட்டும் விடாமல், துல்லியமான படத்தை விரித்து வைத்துக் கண்ணால் பார்த்துக் கோடு போடுவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

பச்சை நிறமும் ஏமாற்றும். உவர் நிலத்தில் சீமைக் கருவேலம் மண்டினால் தாவரக் குறியீடு, அதாவது படத்திலிருந்து பசுமையை அளக்கும் எண், ஏறும். அலையாத்திக் காட்டின் ஓரத்தில் இப்படி ஏறினால் "காடு விரிகிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையிலேயே அலையாத்தி விரிந்திருந்தாலும், அது எதன் மேல் விரிந்தது என்று கேட்க வேண்டும். கோடியக்கரைக்கு வலசை வரும் உள்ளான்களுக்குத் திறந்த சேறு வேண்டும். மரம் மூடிய சேற்றில் அவை மேய முடியாது. மரக்கணக்கில் வரவு, பறவைக்கணக்கில் செலவு. ஆகவே "ஈரநிலம்" என்று ஒரே வகை வைக்காமல், எது எதுவாக மாறியது என்ற அட்டவணையைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். நம் நாட்டுத் தரிசு நில வரைபடங்களில் நீர் தேங்கும் சதுப்பும் ஒரு தரிசு வகையாகவே இடம்பெற்று வந்திருக்கிறது. வகையின் பெயரில் ஒரு நிலத்தின் தலையெழுத்தே மாறும் என்பதால் இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

பிக்சலின் அளவைப் பற்றிப் பேச, பிச்சாவரம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே முன்பு காட்டை முறைவைத்து மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்து, மண் காய்ந்து அமுங்கி, தொட்டிபோல் ஆனது. ஓத நீர் உள்ளே வந்து வெளியேற வழியில்லாமல் தேங்கி உப்பு ஏறியது, கன்றுகள் முளைக்கவில்லை. வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓரங்களில் கன்று நட்டு அந்த நிலத்தை மீட்டார்கள்.

அந்த வாய்க்கால்களின் அகலம் சில மீட்டர்தான். லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஒரே பிக்சலுக்குள் வாய்க்கால் நீர், இரண்டு ஓரக் கன்றுகள், நடுவே வெறும் சேறு எல்லாம் கலந்துவிடும். கலவையில் சேறு மிகுந்திருக்கும் வரை வரைபடம் "வெற்று நிலம்" என்றே சொல்லும். கன்றுகள் தழைத்து இலைப்பரப்பு ஒரு வரம்பைத் தாண்டியதும் அதே பிக்சல் சட்டென்று "காடு" ஆகிவிடும். பல ஆண்டுகள் மெல்ல நடந்த வளர்ச்சி, வரைபடத்தில் ஓரிரு ஆண்டில் நடந்ததுபோல் தோன்றும். மீட்புப் பணி நடந்த இடத்தில் "முதல் ஐந்து ஆண்டு தோல்வி" என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1970-களின் முதல் லேண்ட்சாட் படங்களில் பிக்சல் ஏறக்குறைய 80 மீட்டர். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 படங்களில் 10 மீட்டர். ஓடைக்கரையில் இருபது மீட்டர் அகலத்துக்கு நிற்கும் மரவரிசை பழைய படத்தில் தெரியாது, புதிய படத்தில் தெரியும். அதை வளர்ச்சி என்று சொல்லக் கூடாது. புதிய படத்தைப் பழைய படத்தின் அளவுக்குத் தரம் இறக்கி ஒப்பிடுவதுதான் நேர்மை. லேண்ட்சாட் 7-ல் கருவிக் கோளாறால் 2003 மே மாதத்துக்குப் பிறகு வரும், தகவல் இல்லாத கறுப்புக் கீற்றுகளையும் கவனியுங்கள். அவசரமாக நிரப்பினால் வரைபடத்தில் கீற்றுகீற்றாகக் காடு அழிந்திருக்கும்.

பழைய இந்திய நில அளவைத் தாள்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் ஆதாரத் தளம் (இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிட அடிப்படையாகக் கொள்ளும் பூமி வடிவம்) எவரெஸ்ட், ஜிபிஎஸ் பயன்படுத்துவது வேறு. மாற்றாமல் அப்படியே ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். கடற்கரையின் ஒரு பக்கம் முழுக்க அரிப்பு, மறுபக்கம் முழுக்க வண்டல் என்று அழகாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அப்புறம் புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. முத்துப்பேட்டை அலையாத்தி இலையுதிர்ந்து பழுப்பேறியது. புயலுக்கு மறுமாதப் படத்தில் அது வெற்று நிலம்போலவே தெரியும். அங்கே மிகுதியாக நிற்பது வெண்கண்டல். உயிரோடு நிற்கும் தண்டிலிருந்து அது மறுபடி துளிர்க்கும். சுரபுன்னை வகைகளுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. எந்த மரம் நிற்கிறது என்று தெரியாமல் "அழிந்தது" என்று குறிக்கக் கூடாது. குறைந்தது இரண்டு மூன்று பருவங்கள் பொறுத்துப் பார்த்த பிறகே இழப்பை இழப்பு என்று எழுதலாம்.

கடைசியாகச் சரிபார்ப்பு. இதை மிகப் பலர் ஒப்புக்குச் செய்கிறார்கள். இரண்டு வரைபடங்களும் தலா 90 சதவீதம் சரி என்றால், பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிலையில், இரண்டும் சேர்ந்து சரியாக இருக்க வாய்ப்பு 81 சதவீதம்தான். நாம் தேடும் மாற்றமோ பெரும்பாலும் சில சதவீதம். பிழை மாற்றத்தையே விழுங்கிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு. மொத்தம் 1,000 ஹெக்டேர். வரைபடம் 50 ஹெக்டேர் இழப்பு, 950 மாறவில்லை என்கிறது. இழப்புப் பகுதியில் குத்துமதிப்பாக இல்லாமல் முறைப்படி 100 புள்ளிகள் எடுத்துச் சோதித்தால் 80 உண்மை. அதாவது 40 ஹெக்டேர். மாறாத பகுதியில் 100 புள்ளிகளில் 4 உண்மையில் அழிந்தவை. 950-ல் 4 சதவீதம் 38 ஹெக்டேர். ஆக உண்மை இழப்பு 78 ஹெக்டேர். சில புள்ளிகளை மட்டும் சோதித்த மதிப்பீடு என்பதால், 95 சதவீத நம்பிக்கை அளவில் 37 கூடவோ குறையவோ இருக்கலாம். பிக்சலை எண்ணி 50 என்று எழுதியிருந்தால் எவ்வளவு விட்டிருப்போம்! புள்ளி எண்ணிக்கையைக் கூட்டினால் அந்த 37 சுருங்கும்.

கிடைத்த எண்களை ஒன்றுக்கொன்று கழித்து ஒரே எண்ணாக வெளியிடுவதும் தவறு. உலக ஓத ஈரநிலங்களைப் பற்றி 2022-ல் வந்த ஆய்வு 1999 முதல் 2019 வரை 13,700 சதுர கிலோமீட்டர் இழப்பையும் 9,700 சதுர கிலோமீட்டர் பெருக்கத்தையும் காட்டியது. நிகர இழப்பு 4,000 என்று மட்டும் சொன்னால் இடம்பெயர்ந்த அத்தனை பரப்பும் மறைந்துவிடும். ஓரிடத்தில் போன முதிர்ந்த காடும் வேறோரிடத்தில் புதிதாய்ப் படிந்த சேறும் பரப்பில் சமம் என்பதால் ஈடாகிவிடாது. இழப்பைத் தனியாக, பெருக்கத்தைத் தனியாக, எந்த ஊரில் எவ்வளவு என்று கொடுங்கள். கூடவே படங்களின் தேதிகளையும் வகைகளின் வரையறையையும் சோதித்த புள்ளிகளையும் வெளியிட்டால், பத்து ஆண்டு கழித்து இதே கரையை அளக்க வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.