வளைந்து வந்த பீரங்கிக் குழாயை எறிய வேண்டாம்

திருகோணமலையிலிருந்து புறப்பட்டு 1942 ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலின் சிறு மாதிரியை 1:700 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். கிட்டோடு (பாகங்கள் அடங்கிய பெட்டியோடு) வருகிற பீரங்கிகள் பிடிக்காமல் வேறொரு இடத்தில் ரெசின் (அச்சில் வார்க்கிற ஒருவகைப் பிளாஸ்டிக்) குழாய்கள் தனியாக வாங்கினேன், வந்தது பார்த்தால் ஆறில் மூன்று வாழைப்பழம் மாதிரி வளைவு, ஒன்றில் நுனியே இல்லை.

முதல் வேலை, குழாய்கள் ஒட்டிக்கொண்டு வருகிற அச்சுக் கட்டையிலிருந்து எதையும் வெட்டாதீர்கள். பெட்டி, லேபல், பழுது எல்லாவற்றையும் அடிமட்டத்தோடு வைத்துப் படமெடுத்து அன்றைக்கே விற்றவருக்கு அனுப்புங்கள். வெட்டிய பிறகு கேட்டால் ‘நீங்கள்தான் உடைத்தீர்கள்’ என்று சொல்லிவிட அவருக்கு வசதியாகப் போய்விடும். எனக்கு நுனி உடைந்ததற்கு மட்டும் மாற்று அனுப்பினார்கள், வளைந்ததெல்லாம் ‘சாதாரணம்’ஆம்!

சரி, வளைவை நாமே எடுக்கலாம். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், தேத்தண்ணி குடிக்கிற சூடு கொஞ்சம் தாண்டினால் போதும். சில வினாடி முக்கி, கண்ணாடித் துண்டின் மேல் விரலால் உருட்டி நேராக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுவிடுங்கள். இந்தக் குழாய் ஒரு சென்ரிமீற்றர்தான், அதனால் குறடால் பிடித்தால் நசுங்கிவிடும். நம்மூர் வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் திரும்பவும் வளையும், அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வார்க்கும்போது காற்றுக் குமிழி விட்ட பள்ளத்துக்கு ஒரு சிட்டிகை அப்பச்சோடா, மேலே ஒரு சொட்டு சுப்பர் குளூ. உடனே இறுகும். ஈர சாண்ட்பேப்பரால் தேயுங்கள், மாஸ்க்கும் போடுங்கள், ரெசின் தூள் நெஞ்சுக்கு ஆகாது.