பிராசஸ் புக்: அனிமேஷன் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

30 விநாடிப் படம் ஒன்றைச் செய்ய மாதக்கணக்கில் உழைக்கிறோம். பார்ப்பவர் கண்ணில் படுவது அந்த 30 விநாடி மட்டும்தான். கதாபாத்திரத்தின் முகத்தை எத்தனை முறை மாற்றினீர்கள், எந்த நடையைத் தூக்கிப் போட்டீர்கள், கேமராவை ஏன் கீழே இறக்கினீர்கள் என்பதெல்லாம் எங்காவது பதிவு செய்து வைத்திருந்தால்தான் உண்டு. பிராசஸ் புக் இருப்பது அதற்காகத்தான். ஆனால் மதிப்பெண்ணுக்குக் கேட்கிறார்கள் என்ற எண்ணத்தில் பலர் அதைக் கடைசி வாரத்தில்தான் தொடங்குகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி அங்கிருந்துதான் கிளைக்கிறது.

வேலை முடிந்த பிறகு எழுதுவது

எல்லாம் முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதினால், தொடக்கத்திலேயே எல்லாம் தெளிவாக இருந்ததுபோலத் தோன்றும். தடுமாறிய நாட்கள் மறந்துபோயிருக்கும். அதனால் 'கதாபாத்திரத்தின் தோற்றத்தை மேம்படுத்தினேன்' என்பதுபோல ஒரு வரி வந்து விழும். அதிலிருந்து படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் உங்களுக்கே கிடைக்காது.

அதே வேலையை அன்றைக்கே எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: 'உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பார்த்தேன். கை உடம்போடு ஒட்டிக்கொண்டு, என்ன செய்கிறாள் என்றே தெரியவில்லை. முழங்கையை வெளியே கொண்டுவந்தேன். பையை இடது தோளுக்கு மாற்றினேன்.' இந்த நான்கு வரியில் சோதனையும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. கணினியை அணைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் போதும். இன்று எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்ற இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். தேதி போடுங்கள். எழுத்து நடை அழகாக இருக்க வேண்டியதில்லை.

படம் சேர்ப்பதையே ஆராய்ச்சி என்று நினைப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இது.

இணையத்திலிருந்து நாற்பது படங்களை எடுத்து ஒரு பக்கத்தில் ஒட்டினால் அது மூட்போர்டு. படத்தின் நிறமும் மனநிலையும் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவுசெய்ய அது உதவும். ஆராய்ச்சி என்று சொல்ல வேண்டுமானால் அதில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். 'வயதானவர் நாற்காலியிலிருந்து எழும்போது முதலில் நகர்வது எது?' என்பது கேள்வி. அதற்காக நீங்கள் பார்த்தது, படித்தது, நடித்துப் பார்த்தது எல்லாமே ஆராய்ச்சி.

நம் துறையின் முன்கதையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாய்ந்து ஓடும் குதிரையை வரையும்போது, முன்னங்கால்களை முன்னே நீட்டி, பின்னங்கால்களைப் பின்னே நீட்டி, நான்கும் காற்றில் இருப்பதாக ஓவியர்கள் வெகுகாலம் வரைந்துவந்தார்கள். ஒருவர் வரைந்ததைப் பார்த்து இன்னொருவர் வரைந்தார். 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். நான்கு காலும் தரையை விட்டு எழும் கணம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் வயிற்றுக்கடியில் மடிந்திருந்தன! மற்றவர் செய்த அனிமேஷனை மட்டும் பார்த்து நாம் நடையும் ஓட்டமும் செய்தால், அந்த ஓவியர்கள் இருந்த இடத்தில்தான் நாமும் இருக்கிறோம். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களுக்கும் இது பொருந்தும். நிறம், சூழல் பற்றி யோசிக்க அவற்றைப் பயன்படுத்தலாம். முழங்கால் எப்படி மடியும் என்பதற்கு அவை சாட்சி ஆகாது.

ஆகவே நீங்களே நடித்து வீடியோ எடுங்கள், நண்பரை நடிக்க வையுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று. எடுத்த வீடியோவை அப்படியே புத்தகத்தில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கண்ணில் பட்டதை எழுதுங்கள்: 'கை பெட்டியைத் தொடுவதற்கு முன்பே இடுப்பு பின்னால் போய்விட்டது. பெட்டி தரையை விட்டு எழுந்த பிறகுதான் தலை நிமிர்கிறது.' இப்படி எழுதிய இரண்டு வரி, நாற்பது படங்களை விட உங்கள் ஷாட்டுக்கு உதவும்.

அப்புறம், வீடியோ விநாடிக்கு எத்தனை பிரேமில் (தனிப் படத்தில்) எடுத்தது என்பதைக் கட்டாயம் குறித்து வையுங்கள். போன் 30 பிரேமில் எடுக்கும், உங்கள் ப்ராஜெக்ட் 24இல் இருக்கும். வீடியோவைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்து, பிரேமுக்குப் பிரேம் அப்படியே வைத்து அனிமேட் செய்தால், ஒரு விநாடி அசைவு 1.25 விநாடியாக நீண்டுவிடும். எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல இருக்கும். காரணம் தெரியாமல் நாள் முழுவதும், அசைவைக் கோடுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் வளைவுகளைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். ஸ்லோமோஷனில் எடுத்திருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது.

எங்கிருந்து எடுத்தோம் என்ற குறிப்பும் அப்படித்தான். படத்தைச் சேமிக்கும் அந்த நொடியிலேயே இணைப்பு, ஓவியர் அல்லது புகைப்படக்காரர் பெயர், பார்த்த தேதி மூன்றையும் எழுதிவிடுங்கள். பிறகு தேடினால், அதே படம் பத்து இடத்தில் பெயரில்லாமல் கிடைக்கும்.

தோற்ற முயற்சிகளை அழித்துவிடுவது

கால் தரையில் வழுக்குகிறது, முழங்கால் திடீரென்று வெட்டி இழுக்கிறது. வெட்கப்பட்டு அந்த பிளேபிளாஸ்டை (அசைவைச் சரிபார்க்க வேகமாக எடுக்கும் முன்னோட்ட வீடியோவை) அழித்துவிடுகிறோம். உண்மையில் புத்தகத்தில் மிகவும் தேவைப்படுவது அதுதான். முக்கிய போஸ்களை மட்டும் வைக்கும் பிளாக்கிங்கில் துடிப்பாக இருந்த ஷாட், இடைப்பட்ட அசைவைக் கணினியே நிரப்பும் ஸ்ப்ளைனுக்கு மாற்றியதும் மிதக்கத் தொடங்குவது எல்லோருக்கும் நடக்கும். பிளாக்கிங்கின் பிளேபிளாஸ்ட் கையில் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்து, எந்த போஸில் நிற்க வேண்டிய நேரம் கரைந்துபோயிற்று என்று கண்டுபிடிக்கலாம். திருத்துவதற்கு முன் ஒரு கிராஃப் ஸ்கிரீன்ஷாட், திருத்திய பின் ஒன்று. அவற்றுக்குக் கீழே இரண்டு வரி.

அசைவை அசையாத படத்தில் காட்ட முயல்வது

அழகான ரெண்டர் (கணினி தரும் முடிவான படம்) ஒன்றை முழுப் பக்கத்துக்கு வைத்தால் டைமிங் பற்றி எதுவும் தெரியாது. முக்கிய போஸ்களை ஒரு பட்டையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் பிரேம் எண் போடுங்கள். 1, 9, 13, 25 என்று எண்களைப் பார்த்தாலே எங்கே வேகம், எங்கே நிதானம் என்பது புரிந்துவிடும். பிடிஎஃபுக்குள் வைத்த வீடியோ பல கணினிகளில் ஓடாது. அதைத் தனி ஃபோல்டரில் கொடுங்கள். பிளேபிளாஸ்டின் மூலையில் பிரேம் எண்ணும் வெர்ஷன் எண்ணும் தெரியட்டும்.

ஃபைல் பெயர்கள்

'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'உண்மையான ஃபைனல்' என்று பெயர் வைத்தால் எதிலிருந்து எது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஷாட் எண், வேலையின் பெயர், 001 என்று தொடங்கும் வெர்ஷன் எண், அவ்வளவு போதும். பிளெண்டர் மென்பொருள் தானாக ஒரு பழைய பிரதி வைத்திருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். அமைப்பை மாற்றாத வரை அது கடைசிக்கு முந்தைய சேவ் மட்டும்தான். அடுத்த முறை சேவ் செய்ததும் அதுவும் போய்விடும்.

கருத்துகளைச் சுருக்கி எழுதுவது

'ஆசிரியர் நன்றாக இருக்கிறது என்றார்' என்ற குறிப்பால் பயனில்லை. சொன்னவர் சொன்னபடியே எழுதுங்கள்: 'குதிப்பதற்கு முன் பதுங்கல் போதவில்லை, எடை தெரியவில்லை.' கீழே நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். அந்தக் கருத்தை ஏற்கவில்லையா? சரி, அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஏன் ஏற்கவில்லை என்று எழுதினால், படிப்பவர் உங்கள் யோசனையை அங்கேதான் மிகத் தெளிவாகப் பார்ப்பார்.

புத்தகத்தை அலங்கரிப்பதில் நேரம் செலவிடாதீர்கள். கோணலான கையெழுத்தானாலும் பரவாயில்லை. ஸ்கெட்ச்புக் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் நேராகப் படமெடுத்து வைத்தால் போதும்.

குழுவாகச் செய்த படமென்றால், எந்த ஷாட் உங்களுடையது, அதில் லைட்டிங் யாருடையது என்பதை அந்தந்தப் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். இலவசமாக இறக்கிய ரிக்கை (அசைக்கத் தயாராக இருக்கும் கதாபாத்திர மாடலை) பயன்படுத்தியிருந்தால், செய்தவர் பெயரும் அவர் கொடுத்த உரிம நிபந்தனையும் ரிக்கின் படத்துக்குக் கீழேயே இருக்கட்டும். அதில் நீங்கள் மாற்றியது கண்ணிமையோ விரலோ எதுவானாலும் அதையும் சேர்த்து எழுதுங்கள்.